மிஸஸ் விட்லக் கேட்காத சத்தம்

1997 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஹூஸ்டனில் ஜம்புநாதன் வீட்டு வாசலில் ஒரு கார் கோணலாக வந்து நின்றது. இறங்கிய டாக்டர் ரெபெக்கா, காரின் கதவைச் சாத்தவும் மறந்தாள். கூட வந்த ஆராய்ச்சி மாணவன் சபரிநாதன்தான் சாத்திவிட்டு வந்தான்.

ஜம்புநாதன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த வீடுகளைப் போய்ப் பார்த்து, தீ எங்கே தொடங்கியது என்று சொல்கிறவர். தலை போகிற காரியமானாலும் முதலில் மோர் கொடுப்பார். ரெபெக்காவுக்கு உட்காரவே முடியவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தபடியே சொன்னாள்.

கறுப்பினக் குடும்பங்களில் சிறுநீரக நோய் ஏன் அவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஒரு தேவாலயத்துச் சபையார் அதற்கு இரத்தம் கொடுத்திருந்தார்கள். லேசில் கொடுக்கவில்லை. அலபாமாவில் கறுப்பின நோயாளிகளுக்கு மருந்து தராமல் பல வருடம் வேடிக்கை பார்த்த ஆராய்ச்சிக்காக, ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டதே அந்த மே மாதம்தான். அப்படிப்பட்டவர்களை வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தவர் அதே சபையைச் சேர்ந்த மிஸஸ் ஏர்லீன் விட்லக், ரெபெக்காவிடம் வேலை பார்ப்பவர். இன்று காலை ஃப்ரீசரைத் திறந்தால், இரத்த மாதிரிகள் இருந்த கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் ஒருமுறை உருகி, சாய்ந்து, மறுபடி உறைந்து கிடந்தன. இனி எதற்கும் உதவாது.

"யுனிவர்சிட்டில சாயங்காலத்துக்குள்ள பேர் கேக்கறாங்க அங்கிள். மிஸஸ் விட்லக்தான்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. அவங்களை வேலைய விட்டு அனுப்பினா அந்தச் சர்ச் ஜனங்க என் முகத்துலயே முழிக்க மாட்டாங்க."

காரணம் இல்லாமல் இல்லை. மாதிரிகளை வேறு மாநிலத்துக்கு அனுப்பப்போவதை எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்று போன வாரம்தான் அந்த அம்மாள் சண்டை போட்டிருந்தார். ஆபீஸ் சாவி ரெபெக்கா, மிஸஸ் விட்லக், சபரிநாதன் மூன்று பேரிடம் உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானமே ரெபெக்கா டாலஸ் போய்விட்டாள். அன்று சாயங்காலம் பூட்டியதும், திங்கட்கிழமை காலை திறந்ததும் சபரிநாதன். சனிக்கிழமை ஆபீஸைத் திறந்தவர் மிஸஸ் விட்லக்.

"மோட்டிவ் இருக்கு, சாவி இருக்கு. கேஸ் முடிஞ்ச மாதிரிதான் அங்கிள்" என்றான் சபரிநாதன். துப்பறியும் நாவல்களில் ஊறியவன். வாழ்நாளில் முதல் கேஸ் கிடைத்த சந்தோஷத்தை அவனால் மறைக்க முடியவில்லை.

புறப்படும்போது யாரும் சொல்லாமலே கூடத்துச் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு வந்தான். வெயிலுக்குத் திரையை இழுத்துவிட்டு அங்கேயே ஒரு மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஜம்புநாதனின் மனைவி ராஜலக்ஷ்மி, இருட்டிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள்.

ஆபீஸ் என்பது வாடகைக்கு எடுத்த பழைய வீடு. சமையலறைக்குப் பெயின்ட் அடிப்பதால், அங்கே இருந்த ஃப்ரீசரை வெள்ளிக்கிழமை காலைதான் முன்னறைக்கு மாற்றியிருந்தார்கள். இப்போது அது ஒழுங்காக உறுமிக்கொண்டு ஓடியது. அதன் மேல் இருந்த எண் கடிகாரம் மட்டும், நேரம் தெரியாமல், பன்னிரண்டு என்று மினுக்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே பிளக்குப் பலகை, அது ஃப்ரீசருக்குப் பின்னால். ஃப்ரீசரை நகர்த்தாமல் அதைத் தொட முடியாது. எதிர்ச் சுவரில் டெலிபோனோடு இருந்த பதிவுக் கருவி சரியான நேரம் காட்டியது.

"வீட்டுல கரண்ட் போயிருந்தா இதுவும்தானே மினுக்கணும்?" என்றார் ஜம்புநாதன்.

"அதான் அங்கிள், யாரோ பிளக்கைப் பிடுங்கிட்டு, அப்புறம் மாட்டியிருக்காங்க" என்றான் சபரிநாதன்.

மிஸஸ் விட்லக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். முழங்கால் வலி; நாற்காலியை இழுக்கவே சிரமப்பட்டார். சனிக்கிழமை குடையை எடுக்கப் பின்கதவு வழியாக வந்ததாகவும், முன்னறைக்குள் காலே வைக்கவில்லை என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். வேறு எதையாவது கவனித்தீர்களா என்று ஜம்புநாதன் கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"வீடு அமைதியாக இருந்தது. எப்போதும் அந்தப் பெட்டி காளை மாடு போல உறுமுமே, அன்றைக்கு அதுகூட இல்லை."

ஜம்புநாதன் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். போகலாம், ஆனால் கதவைப் பூட்ட வேண்டாம் என்றார். அவரும் ரெபெக்காவும் மிஸஸ் விட்லக்கும் வெளியே வந்தார்கள். சபரிநாதன் வழக்கம்போலக் கடைசியில் வந்தான்.

"இப்ப எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றார் ஜம்புநாதன்.

கேட்க ஒன்றும் இல்லை. உள்ளே ஃப்ரீசர் நின்றுபோயிருந்தது.

அவர் நிதானமாக விளக்கினார். மிஸஸ் விட்லக் வரும்போதே ஃப்ரீசர் ஓடவில்லை. ஆகவே அது நின்றது வெள்ளிக்கிழமை. இந்தக் காலால் அவர் ஃப்ரீசரை நகர்த்தி பிளக்கைப் பிடுங்கவும் முடியாது. யாரும் பிடுங்கவே இல்லை. இந்த ஊர்ப் பழைய வீடுகளில், மேஜை விளக்குக்காகச் சுவர்ப் பிளக்கு ஒன்றை வாசல் சுவிட்சோடு இணைத்திருப்பார்கள். இங்கே பிறந்தவர்கள் அந்தச் சுவிட்சைச் சீண்ட மாட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளோ, வெளியே போகும்போது ஒரு சுவிட்சு போட்டபடி இருந்தால் அப்பாவிடம் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள்.

"திங்கட்கிழமை காலையில வந்து திரும்ப ஆன் பண்ணினதும் நீதான். எங்க வீட்டுலயும் ராஜலக்ஷ்மிய இருட்டுல உக்கார வச்சுட்டுத்தானே வந்தே?"

சபரிநாதன் கதவைத் தள்ளி வாசல் சுவிட்சைப் பார்த்தான்.

"அந்த சுவிட்சுக்கு எந்த லைட்டும் எரியாது அங்கிள். ஆனாலும் தினம் ஆஃப் பண்ணிட்டுதான் போவேன். நேத்து மட்டும் டாக்டர் கடைசியாக் கிளம்பினாங்க. ஃப்ரீசரை அங்க மாத்தினதும் நான்தான்." அதோடு நிற்கவில்லை. மிஸஸ் விட்லக்கின் பெயரை யுனிவர்சிட்டியில் முதலில் சொன்னதும் தான்தான் என்று ஒப்புக்கொண்டான்.

ரெபெக்கா ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டாள், அதனால் இனி லாபமில்லை என்று தெரிந்தும். அவளுக்குப் பையன் மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. மெஷின் பழுது என்று எழுதிவிடலாமா, யார் பேரும் கெடாதே என்று தமிழில் மெல்லக் கேட்டாள்.

"சபையில என்ன சொல்லுவே?" என்றார் ஜம்புநாதன். "அவங்க காலங்காலமா அந்த மாதிரிப் பதில்தானே கேட்டிருக்காங்க."

ரெபெக்கா நடந்ததை ஆங்கிலத்தில் மிஸஸ் விட்லக்கிடம் ஒன்று விடாமல் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபரிநாதன் சபையார் முன்னால் நின்றான். தான் செய்ததையும், ஒரு பாவமும் அறியாத பெண்மணி மேல் பழி போட்டதையும் மறைக்காமல் சொன்னான். ஒரு முதியவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இன்னும் சிலர் அவர் பின்னால் போனார்கள்.

மிஸஸ் விட்லக் எழுந்தார்.

"தப்பை வந்து சொல்கிற ஆராய்ச்சிக்காரர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, தம்பி. எனக்கு இன்னும் ஆறவில்லை." பிறகு ரெபெக்காவைப் பார்த்தார். "மறுபடி இரத்தம் கொடுப்பதா வேண்டாமா என்று நாங்கள் பேசி முடிவு செய்வோம். கொடுத்தால், அந்தப் பெட்டி இந்தத் தேவாலயத்தில் இருக்கும். அதற்கு ஒரே சாவி. அது என்னிடம் இருக்கும்."

யுனிவர்சிட்டியைக் கேட்காமலே ரெபெக்கா சரி என்றாள்.