முள் காட்டிய பக்கம்

செவ்வாயில் தூசிக்காலம் வந்துவிட்டால், வெளியே கிளம்புகிறவர்கள் திசைகாட்டும் முள்பெட்டியை உள்ளங்கையில் வைத்து ஒருதரம் சுற்றிப் பார்ப்பார்கள், நாம் சாவிக்காகச் சட்டைப்பையைத் தட்டுவதுபோல. அங்கே பூமியைப் போல வடக்கே இழுக்கும் காந்தம் கிடையாது. அதனால் ஊர் நடுவில் ஒரு மின்காந்தக் கம்பம் நட்டிருந்தார்கள். முள் காட்டும் பக்கம் நடந்தால் வீடு.

இருந்தும் வருஷத்துக்கு மூன்று பேராவது திரும்புவதில்லை. பிறகு தேடிப் போனால் வட்டவட்டமாகக் காலடித் தடம், நடுவில் ஒரு பிணம். மண்ணுக்கடியில் ஏதோ இருந்து முள்ளை இழுக்கிறது என்று ஊரே நம்பியது.

காற்றுமானியைப் பழுதுபார்க்கப் போன தம்பி எழில்வேந்தன் ஐந்து மணி நேரமாகியும் வரவில்லை. பூங்கோதை பதறியடித்துக்கொண்டு ஓடினாள். அவசரத்தில், செய்தி அனுப்பும் தன் உரையாடிப் பலகையைக்கூட வீட்டு மேசைமேல் மறந்துவிட்டாள். வழியில் அந்த வட்டத் தடங்களைப் பார்த்ததும் இன்னும் வேகமாக ஓடினாள். தடங்களின் நடுவே எழில்வேந்தன் நின்றிருந்தான்.

"அக்கா, கிட்ட வராத! உன் முள்ளப் பாரு."

பார்த்தாள். அதுவரை கம்பத்தைக் காட்டிய முள், மெதுவாகத் திரும்பி அவனைக் காட்டியது. அவன் இடப்பக்கம் நகர்ந்தான். முள்ளும் நகர்ந்தது.

"அது என்னப் புடிச்சிருச்சுக்கா" என்று அழுதான்.

அவன் கையில் உரையாடி மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒலிபெருக்கிக்குள் ஒரு பொடிக் காந்தம். தூரத்துக் கம்பத்தைவிடக் கைக்குள் இருக்கும் பொடிக் காந்தத்துக்குத்தான் முள் கட்டுப்படும். பெட்டியின் கையேட்டில் முதல் வரியே அதுதான். அதை யார் படித்தார்கள்?

"அதக் கீழ போடுடா!"

"சிக்னல் வந்தா?"

"அஞ்சு மணி நேரமா வராததா? போடு!"

போட்டான். இருபதடி நடந்ததும் இரண்டு முட்களும் வீட்டுப் பக்கம் திரும்பின. இருவருக்கும் மூச்சுக்காற்று நாற்பது நிமிடத்துக்கு இருந்தது. வழி முப்பது நிமிடம். அவளுக்கு உயிர் வந்தது.

சிறிது தூரம் போனதும் காதருகே அவன் குரல்: "நீ நடந்துட்டே இரு அக்கா. இதோ வந்துடறேன்."

திரும்பினாள். தூசிதான் இருந்தது. தொண்டை கிழியக் கத்தினாள். தலைக்கவசப் பேச்சு தூசியில் பத்தடி தாண்டாது. தேடித் தேடி, காற்று தீரும் தறுவாயில் ஒற்றையாக வீடு வந்து விழுந்தாள்.

மேசைமேல் அவள் உரையாடி ஒளிர்ந்தது.

"அக்கா, சிக்னல் வந்துருச்சு! எந்தப் பக்கம் வரணும்? முள் சுத்துது."

அவசரமாகத் தட்டினாள்: "உரையாடியத் தூக்கிப் போட்டுட்டு முள்ளப் பாரு."

உடனே பதில் வந்தது.

"போட்டுட்டா, அப்புறம் நீ அனுப்பறத எப்படிப் பாக்கறது?"