பதினாலு தடவை பார்த்த ஹாலந்து

பாளையங்கோட்டை ரோட்டில் திடீர் மழை. உப்பளத்துக்காரர்களைத் தவிர தூத்துக்குடியே சந்தோஷப்பட்டது. ஒதுங்க இடம் தேடி ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்குள் ஓடினான் கப்பல் இன்ஜினியர் எபனேசர். தலையைத் துவட்டிக்கொண்டே நிமிர்ந்தவன்... அப்படியே நின்றுவிட்டான்.

அந்தக் கண்கள்! மை கொஞ்சம் தாராளம். பேச்சு அதைவிடத் தாராளம்.

"ஹாலந்துல, டெல்ஃப்ட்ங்கிற ஊர்ல ஒரு பழைய சர்ச் இருக்கு டீச்சர். கால்வாய் ஓரமா, கோபுரம் அப்படியே சாஞ்சு நிக்கும்..."

நாசரேத்திலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு டீச்சர்கள் பன்னிரண்டு பேரும் வாய் பிளந்து கேட்டார்கள். சொல்லிக்கொண்டிருந்த ஷீஜா மதுரையைத் தாண்டியதில்லை, எல்லாம் மனப்பாடம். இந்தக் குழு டூருக்குச் சரியென்றால் கூடவே அவளையும் ஹாலந்துக்கு அனுப்புவதாக கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி பால்துரை அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

"சாஞ்செல்லாம் நிக்காதுங்க. நேராத்தான் நிக்கும்," என்றான் எபனேசர். அவள் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

பார்த்தாள். பொசுக்கிவிடுகிற மாதிரி.

"நீங்க போயிருக்கியளா?"

"பதினாலு தடவ."

ஷீஜா கோபுரத்தின் படத்தை நீட்டினாள். ஜீவமணி டீச்சர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "படம் எடுத்தவன் சாஞ்சு நின்னிருப்பான். அண்ணாச்சி, நேர்ல பாத்த தம்பி இருக்கும்போது இந்தப் பிள்ள எதுக்கு? தம்பியே எங்களக் கூட்டிட்டுப் போகட்டும்."

அண்ணாச்சியும் தலையாட்டிவிட்டார். ஷீஜாவின் கண்மை கரையத் தொடங்கியது... அவள் மழையில் நனையவே இல்லையே! ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்... எபனேசர் டீச்சர்கள் முன்னால் போய் நின்றான்.

"டீச்சர்..." என்றான். "போனது பதினாலு தடவதான். ஆனா கப்பல விட்டு ஒரு தடவகூட எறங்கல. சரக்கு எறக்குததுக்குள்ள இன்ஜின் வேல முடியணும். நான் பாத்த ஹாலந்து, ரோட்டர்டாம் துறைமுகத்துக் கிரேன் மட்டுந்தான். எங்கம்மா ஃபிரிட்ஜுல ஒட்டி வச்சுப் பெருமையடிக்கிற ஹாலந்து காத்தாடி பொம்மகூட கப்பலுக்கே வந்து வித்தது."

டீச்சர்கள் சிரித்த சிரிப்பில் மழைச் சத்தமே கேட்கவில்லை. "அப்ப எங்களுக்கு இந்தப் பிள்ளதான்," என்றார் ஜீவமணி டீச்சர்.

வாசலில் மழை விடக் காத்திருந்தவன் பக்கத்தில் குடையோடு வந்து நின்றாள் ஷீஜா.

"எதுக்குப் பொய் சொன்னிய?"

"நீங்க பாக்கணும்னு..."

"பொறவு எதுக்கு உண்மையச் சொன்னிய?"

"நீங்க அழுதியளே... தாங்கல. பாத்த நிமிஷமே உங்களப் பிடிச்சுப் போச்சுங்க. பதினஞ்சாவது தடவயாவது எறங்கணும்... உங்க கையப் பிடிச்சுக்கிட்டு."

குடைக்குள் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்தாள்.

"டீச்சர்மார் குரூப்புல எடம் இல்ல. என்னத் தனியாத்தான் கூட்டிட்டுப் போகணும். ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் எங்கப்பா சர்ச் வாசல்ல நிப்பாவ..." சிரிப்பை உதட்டுக்குள் அடக்கினாள். "போய்க் கேளுங்க. சாயாம, நேரா நின்னு!"