ஒரே ஒரு வாய்

பூண்டு வதங்குகிற வாசனையில் ராஜகுமாரிக்கு விழிப்பு வந்தது. வீட்டில் அவளைத் தவிர ஆள் இல்லை. பூண்டுக் கஞ்சி குடிக்கிறவர், அவள் கணவர் பொன்னுவேல், போன வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

காய்ச்சலோடு அவருடைய கட்டிலிலேயே கிடந்தாள். மதியம் சாய்ந்ததுமே பேத்துப்பாறை மலையூர் மேல் மூடுபனி இறங்கி ஜன்னலில் ஈரத்துணிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் தோட்டமும் தெரியவில்லை, பாதையும் தெரியவில்லை, கீழ்வீட்டு நாய் குரைப்பதுகூடக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிக் கேட்டது. அடுப்பங்கரையில் யாரோ கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு தரம் தட்டினார்கள். டக், டக். அது அவளுடைய பழக்கம்.

பக்கவாதத்தில் அவர் விழுந்த வருஷம் கொழுந்தன் ஜெயச்சந்திரன் கோயம்புத்தூரில் தான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து அந்த ரோபோவைக் கொண்டுவந்து விட்டான். கீழே சக்கரம், ரப்பர் விரல்களோடு இரண்டு கைகள், நெற்றியில் ஒரு கேமரா. பாடம் நடத்த வேண்டாம், அதன் முன்னால் ஒரு தடவை செய்தால் போதும் என்றான். அவள் பூண்டு உரித்தாள், கஞ்சி காய்ச்சினாள், ஊட்டினாள். அது பார்த்துக்கொண்டே நின்றது. கொஞ்ச நாளில் கஞ்சி அவள் கைப்பக்குவத்திலேயே வந்தது. பேசுவதற்கும் அவள் குரலையே எடுத்துக்கொண்டது. அப்போது அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது.

காலையில் ஜெயச்சந்திரனிடம் போனில் சொல்லிப் பார்த்தாள்.

“தம்பி, வெரசா வந்து இதை எடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

“சாப்பிடாமக் கெடக்குறீங்கன்னுதான் மதினி, கிளம்பையில அதுல அண்ணன் பேரு இருந்த இடத்துல உங்க பேரைப் போட்டு வச்சிட்டு வந்தேன். அவருக்கு ஊட்டுன மாதிரியே ஊட்டும். நீங்க வளத்த பிள்ளைதானே, அதுக்குப் போயி பயப்படலாமா?”

அவருக்கு ஊட்டியதுபோல. எந்த நாள் ஊட்டியதுபோல என்று அவள் கேட்கவில்லை.

கடைசி நாள் அவர் வாயே திறக்கவில்லை. வெறும் வயிற்றோடு விட அவளுக்கு மனசு வரவில்லை. தட்டிவிடுகிற கையைக் கம்பளிக்குள் வைத்து, ஓரங்களை மெத்தைக்கடியில் இறுகச் செருகினாள். கைக்குழந்தைக்குக் கஷாயம் புகட்டுகிறவர்கள் செய்வதைத்தான் செய்தாள். மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்கு வாய் திறந்தது. ஊற்றினாள். மறுபடி பிடித்தாள். புரையேறி அவர் கண் செருகியதை அவள் கவனிக்கவில்லை. விடியும்முன் அவர் இல்லை. டாக்டர் மாரடைப்பு என்றார். அவளும் அப்படியே நம்பிக்கொண்டாள்.

அன்றைக்கும் கட்டில் ஓரத்தில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சக்கரம் உருண்டது. வாசல்படியில் ஒரு குலுக்கல். கிண்ணத்தில் கரண்டி கிணுகிணுத்தது. நிறுத்தும் பொத்தான் அதன் முதுகில் இருந்தது. எழுந்துவிடலாம் என்று கையூன்றினாள், தலை சுற்றித் தலையணையில் விழுந்தாள்.

அது அருகில் வந்து நின்றது. கிண்ணத்தை ஸ்டூலில் வைத்தது. அவள் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பளிக்குள் வைத்தது. மெதுவாக. அவளைப் போலவே.

“வேண்டாம். நான் சாப்பிட்டுட்டேன்.”

அவரும் வேண்டாம் என்றுதான் தலையாட்டினார்.

மெத்தைக்கடியில் ரப்பர் விரல்கள் போய் வந்தன. இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம். கம்பளி நெஞ்சில் இறுகியது. கை அசையவில்லை.

கரண்டி எழுந்தது. ஆவி முகத்தில் அடித்தது. பூண்டு.

அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

“ஏங்க,” என்றது அவள் குரல், அவ்வளவு பாசமாக, “ஒரே ஒரு வாய்ங்க.”

இன்னொரு கை நெற்றிக்கு மேலாக வந்தது. குளிர்ந்த ரப்பர். இரண்டு விரல்கள்.

பூண்டு வாசனை நின்றுபோனது.

உதட்டருகே கரண்டி காத்திருந்தது.