இருபத்தேழாவது கல்

இலுப்பூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபிரெடி பைக்கை நிறுத்தியபோது வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். டீக்கடை வாசலில் பதினெட்டு பைக்குகள் முன்பே வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றிலும் மூட்டை முடிச்சு. பின் இருக்கையில் கட்டிய பை, பக்கத்தில் தொங்கும் பை, சுருட்டிய பாய். ஃபிரெடியின் வண்டியில் மட்டும் ஒன்றுமில்லை. மற்றவர்கள் கரூர், மதுரை என்று வெளியூரிலிருந்து மூன்று நாள் தங்க வந்தவர்கள். அவனுக்கு வீடு பக்கத்தில் ஆவூர். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று வெறும் வண்டியோடு வந்திருந்தான்.

அதுதான் அவன் செய்த தப்பு. அப்போது அவனுக்கு அது தெரியாது.

வருஷத்துக்கு ஒரு தடவை இந்த பைக் குழு இப்படிக் கிளம்பும். கண்ணன் என்பவர் ஒரு பட்டியல் போட்டு ஃபோனுக்கு அனுப்புவார். பட்டியலில் உள்ள இடங்களை மேப் பார்த்துத் தேடிப் போக வேண்டும். அங்கே வண்டியை நிறுத்தி, தன் எண் எழுதிய துணியை வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய கோயில்கள். இந்த வருஷம் சுமைதாங்கிக் கற்கள்.

இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்களே, அதுதான். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக அவள் வீட்டார் ரோட்டோரம் நட்டு வைப்பது. தலைச்சுமையோடு போகிறவர்கள் அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறினால், இறக்க முடியாமல் அவள் கொண்டுபோன சுமை கொஞ்சம் குறையும் என்பது நம்பிக்கை.

வியாழக்கிழமை அந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஃபிரெடி ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் போன வருஷமும் அவன் வரவில்லை. இந்த வருஷமும் வராவிட்டால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். கேள்வி என்றாலே இரண்டு வருஷமாக அவனுக்குப் பயம். அதனால் வந்துவிட்டான்.

முதல் கல் ஊரைத் தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் இருந்தது. அவனுக்கு முன்னால் வந்தவர்கள் பையைக் கழற்றிக் கல்மேல் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஃபிரெடி பத்தொன்பது என்று எழுதிய துணியை விரித்துப் படம் எடுத்தான். வேப்பமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தார். மீனம்மாள் என்று பெயர் சொன்னார்.

"தம்பி, சுமை ஒண்ணும் இல்லையா?"

இல்லை என்றான்.

"வெறுங்கையா வந்து துணியை மட்டும் போடக் கூடாதுய்யா. ஒரு கல்லையாச்சும் தூக்கி வச்சு எறக்கணும். இல்லாட்டி மனசுல கெடக்குறதையாச்சும் வாய்விட்டுச் சொல்லிட்டுப் போங்க. எறக்க ஒண்ணுமில்லாதவன் வந்திருக்கான்னு அவ சுமையை ஒங்க தலையில மாத்தி விட்டுருவா."

ஃபிரெடி சிரித்து மழுப்பினான். கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த அம்மாளுக்கு முன்னால் அதைச் செய்ய அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மனசில் கிடப்பதைச் சொல்வதென்றால், அது அதைவிட ஆகாத காரியம். துணியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அரைக் கிலோமீட்டர் போவதற்குள் வண்டி பின்னால் லேசாக அழுந்தியது. பள்ளம் என்று நினைத்தான்.

ரோடு வழவழவென்று இருந்தது.

அன்று எட்டுக் கற்கள் பார்த்தான். குழுவில் ஒருவர், "பத்தொன்பது, பின்னாடி யாரு?" என்று கேலியாகக் கேட்டிருந்தார். ஃபிரெடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். யாரும் இல்லை. இடது பக்கம் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டை மட்டும் விரிந்திருந்தது. அதை மடக்கி வைத்ததாகத்தான் ஞாபகம். எட்டுப் படத்தையும் பார்த்தான். எட்டிலும் விரிந்திருந்தது. இடது பக்கம் மட்டும். சேலை கட்டிய பெண்கள் ஒருபக்கமாகத் திரும்பி உட்காரும் பக்கம் அது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வண்டியைக் கொல்லையில் நிறுத்தினான். வீட்டில் இப்போது அவனும் அப்பா மைக்கேல்சாமியும்தான். கொல்லையில் கொத்திச் சீராக்கிய மூன்று கற்கள் கிடந்தன. இரண்டு வருஷமாகக் கிடக்கின்றன. செத்துப்போன மகளுக்குச் சுமைதாங்கி நட வேண்டும் என்று மைக்கேல்சாமி கொத்த வைத்து வாங்கி வந்தவை. நாம கிறிஸ்தவங்க, இதெல்லாம் எதுக்கு, பங்குச் சாமியார் என்ன நினைப்பார் என்று சொல்லி நடவிடாமல் தடுத்தது ஃபிரெடி. ரோட்டோரம் கல் நின்றால் அதில் பெயரும் தேதியும் இருக்கும். எப்படிச் செத்தாள் என்று போகிற வருகிறவன் கேட்பான். உண்மையான காரணம் அதுதான். சாமியாரை வம்புக்கு இழுத்தது வெறும் சாக்கு.

அந்தக் கற்களின்மேல்தான் அவன் வண்டியை நிறுத்திக் கழுவுவது வழக்கம். அன்றைக்குக் கழுவவில்லை.

மறுநாள் ஆலங்குடிப் பக்கம். முந்திரிக்காட்டுக்கு நடுவே மூன்று கல், தென்னந்தோப்பு ஓரத்தில் நான்கு. ஒவ்வொரு கல்லிலும் துணியை விரித்ததும் வண்டி இன்னும் கொஞ்சம் அழுந்தியது. மதியத்துக்குள் பின்சக்கரம் மட்கார்டில் உரசும் சத்தம் கேட்டது. ஊறவைத்த பச்சரிசி வாசனை ஒன்று, காற்று எதிரே அடித்தாலும், பின்னாலிருந்து வந்தது.

அவன் தங்கை ஜாஸ்பின் மாசமாக இருந்தபோது நாள் முழுக்கப் பச்சரிசி மென்றுகொண்டிருப்பாள்.

ஆலங்குடியில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினான். கடைக்காரர் நாகராசு குனிந்து டயரை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"காத்துப் புடிக்கிறேண்ணே. மொதல்ல அவங்கள எறங்கிக்கச் சொல்லுங்க. மாசமா இருக்கவங்கள இந்த வெயில்ல ஏண்ணே கூட்டிட்டு அலையிறீங்க?"

ஃபிரெடிக்குத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

உச்சி வெயில். கடைக்கு முன்னால் அவன் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு நிழல்.

அது வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

காற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். என்ன வேகத்தில் போனான், எந்த வழியில் போனான் என்று அவனுக்கே தெரியாது. கூட வந்தது யார் என்பது மட்டும் தெரிந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. பயம் என்றால் யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லலாம். இதை யாரிடம் சொல்வது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோயில் தேடிப் போன அந்தப் பயணத்தின் கடைசி நாள், அவன் கொடும்பாளூர் மூவர் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஜாஸ்பின் ஃபோன் செய்தாள். அவளுக்கு எட்டாம் மாதம். புருஷன் ஆண்ட்ரூஸ் சவுதியில் இருந்தான். அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வலிக்கிறது, வா அண்ணே என்றாள். எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டியது பாக்கி இருந்தது. ஊரில் எல்லோரும் வாய்க்கு வந்தபடி சொல்வதுபோல் அவனும் சொன்னான்.

"மாத்தூர் வந்துட்டேன் பாப்பா. பத்தே நிமிஷம்."

மாத்தூர் ஆவூருக்குப் பக்கம். கொடும்பாளூரிலிருந்து அது ஒரு மணி நேரம். படம் எடுத்து, டீ குடித்து, அவன் ஊர் முக்குக்கு வந்து சேர்ந்தபோது அவள் ஒரு துணிப்பையோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்த இடம் நனைந்திருந்தது. திருச்சி போகிற வழியிலேயே இரண்டு உயிரும் போய்விட்டது. வழியில் பஞ்சர் ஆகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னான். அப்பா அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "நீ என்னய்யா செய்வ" என்று அழுதார். அந்தத் தோளில் அன்றைக்கு அவன் எப்படி முகத்தை வைத்திருந்தான் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் இருபத்தாறு கல்லும் முடிந்தது. விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் பார்த்தான். ஆனால் வண்டி பட்டியல்படிதான் ஓடியது. மற்ற பக்கம் திருப்பினால் நகரவில்லை. இருபத்தேழாவது கல்லுக்கு மேப் வழி காட்டியது. விராலிமலை. மாத்தூர். வலது பக்கம் திரும்பவும்.

ஆவூர் முக்கு. வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது ஃபோன்.

அங்கே கல் எதுவும் இல்லை. வெறும் கருவேலஞ்செடியும் செம்மண்ணும். தூரத்தில் மாதா கோயில் கோபுரம். நான்கு மணி வெயிலில் ரோடு ஆளரவமில்லாமல் கிடந்தது. கண்ணனுக்கு ஃபோன் போட்டான். இருபத்தேழாவது கல் எங்கே என்று கேட்டான்.

"பட்டியல்ல மொத்தமே இருபத்தாறுதானே ஃபிரெடி" என்றார் கண்ணன்.

பின் இருக்கை கிறீச்சென்றது.

கழுத்தில் மூச்சு பட்டது. பச்சரிசி வாசனை.

யாரோ நெருங்கி வந்து உட்காருவதுபோல் வண்டி மறுபடி ஒருமுறை அழுந்தியது.

"நான் மாத்தூர்ல இல்ல பாப்பா" என்றான் ஃபிரெடி. "கொடும்பாளூர்லதான் நின்னேன். ஒங்கிட்டப் பொய் சொன்னேன்."

வண்டி விசுக்கென்று மேலே எழும்பியது. மூன்று நாளாக அழுந்திக் கிடந்த ஸ்பிரிங் விடுபட்டு இரண்டு தடவை ஆடி நின்றது. வாசனை போய்விட்டது. ஃபிரெடி கண்ணைத் துடைத்துக்கொண்டான். இறக்கி வைத்தாயிற்று, தீர்ந்தது என்று நினைத்தான். ஆளில்லாத ரோட்டில் சொன்னதோடு முடிந்தது, இனி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்ற நினைப்பும் கூடவே வந்தது. மனுஷ மனசு அவ்வளவுதான்.

வீட்டில் அப்பா கொல்லை வாசற்படியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். ஒரு கை இடுப்பில் இருந்தது. நிமிர முடியாமல் மூச்சு வாங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"இப்பத்தான்ய்யா. நல்லாத்தான் நடந்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு யாரோ தூக்கி முதுகுல வச்ச மாதிரி ஒரு பாரம்."

அவர் மேல் பச்சரிசி வாசனை அடித்தது.

அப்பாவுக்கு எழுபது வயசு. அந்தப் பாரத்தை அவர் இன்னும் எத்தனை நிமிஷம் தாங்குவார்? அவர் காலடியில் உட்கார்ந்தான். பஞ்சர் ஆகவில்லை என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். படம் எடுத்ததைச் சொன்னான். டீ குடித்ததையும் விடாமல் சொன்னான்.

சொல்லச் சொல்ல மைக்கேல்சாமி மெல்ல நிமிர்ந்தார். சொல்லி முடித்தபோது நேராக நின்றார். ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"காலையில நட்டுருவோம்" என்றார். "கல்லு எதுக்குன்னு வர்றவங்க கேப்பாங்க. நீயே சொல்லு."

திங்கட்கிழமை விடிந்ததும் ஊர்க்காரர் சோலையப்பன் தன் டிராக்டரில் கற்களை ஏற்றி முக்குக்குக் கொண்டுவந்தார். ஏழெட்டுப் பேர் கடப்பாரையோடு வந்தார்கள். பக்கத்து வீட்டு அற்புதமேரியும் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். குறுக்குக் கல் மேலே ஏறி உட்கார்ந்ததும் ஃபிரெடி எல்லோர் முன்னாலும் சொன்னான். தலையைத் தூக்காமல் சொன்னான். அற்புதமேரி முந்தானையால் வாயைப் பொத்தி அழுதபடியே சொன்னார்.

"ஆம்புலன்ஸைக் கூப்புடுறேன்னு போனை எடுத்தேன். வேணாங்கக்கா, அண்ணன் மாத்தூர் வந்துட்டாருன்னு சொல்லிச்சு. நான் கூப்புடாம விட்டதாலதான் புள்ள செத்துச்சுன்னு ரெண்டு வருசமா நான் பூசையில முழங்காலு போட்டு அழுதுக்கிட்டு இருக்கேன்டா."

அதற்கு மேல் அங்கே நிற்க ஃபிரெடிக்கு முகமில்லை. இத்தனை பேர் தலையில் அவன் ஒரு சொல்லில் சுமையை ஏற்றியிருக்கிறான். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். போகும்போது அற்புதமேரி தலையிலிருந்த தண்ணீர்க் குடத்தைக் கல்லின்மேல் இறக்கி வைத்தார். சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

கடைசியில் அப்பாவும் மகனும்தான் மிச்சம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஃபிரெடி வண்டியை ஸ்டார்ட் செய்து அப்பாவின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏறிக்கங்கப்பா. எப்படி நடப்பீங்க?"

மைக்கேல்சாமி பின் இருக்கையைப் பார்த்தார். கையை நீட்டி, அங்கே எதையோ தொட்டுத் தடவிக் கொடுப்பதுபோல் காற்றில் ஒருமுறை அசைத்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார்.

"நான் நடந்தே வாரேன். அங்க எடமில்ல."

இடது பக்கத்துக் கால் கட்டை விரிந்திருந்தது.