முப்பது கணினிகளும் ஒரு மறதியும்

"ஆமை தொட்டா நெட் போயிடும்!" என்று வகுப்பே சிரித்தது.

'ஆமை' என்பது என் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வகுப்பு வைத்த பட்டப்பெயர். தம்பியைச் சின்ன வகுப்பில் விட்டுவிட்டு வருவதால், கணினி அறைக்கு எப்போதும் கடைசியாகத்தான் வருவான். புது இணைப்பு கொடுத்த நாளிலிருந்து அவன் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் இணையம் வரவில்லை. மூன்று நாளில் மூன்று கணினிகள்!

"நாளைக்கு ஓவியப் போட்டிக்குப் படம் அனுப்பணும். நீ எதையும் தொடாதேப்பா" என்றார் டீச்சர்.

ஆமையின் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கை பட்டால் இணையம் போகுமா என்ன?

மறுநாள் அவன் தம்பியை என் அம்மா அழைத்துப் போனார். நாங்கள் இருவரும் முதல் ஆளாக உள்ளே நுழைந்தோம்.

"மிஸ், இன்னைக்கு ஒரு தடவை மட்டும் இவன் முதல்ல கணினியைப் போடட்டுமே!" என்று கெஞ்சினேன். டீச்சர் தலையசைத்தார்.

ஆமை பொத்தானை அழுத்தினான். இணையம் வந்தது!

மற்றவர்கள் எல்லாரும் போடும்வரை நான் காத்திருந்தேன். என் படம் போகாமல் போனால்? கடைசியாக என் கணினியைப் போட்டேன். இணையம் வரவில்லை.

"மிஸ், அவன் கையில தப்பு ஒண்ணுமில்லை. கடைசியா வர்றவங்களுக்குத்தான் கிடைக்கலை!"

இணைப்பு கொடுத்த அக்காவை டீச்சர் வரவழைத்தார்.

"ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி நம்பர் வேணும். முப்பத்திரண்டு வெச்சிருக்கேனே! நீங்க முப்பது பேர்தானே?" என்றார் அக்கா.

"முப்பத்திரண்டும் கணினிக்குத்தானா அக்கா?"

"இல்ல. முதல் நம்பர் மொத்தக் கணினிக் கூட்டத்துக்கும் பேரு. கடைசி நம்பர் எல்லாரையும் ஒரேயடியா கூப்பிட. ரெண்டு போனா முப்பது. அப்புறம் எல்லாருக்கும் இணையத்தைப் பிரிச்சுக் கொடுக்கற ரூட்டருக்கு ஒண்ணு..." அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதை மறந்தே போயிட்டேன்!"

"அப்போ இருபத்தொன்பதுதான்! இன்னும் ஒண்ணு சேர்த்துடுங்க."

"ஒண்ணு ஒண்ணா சேர்க்க முடியாது. இரட்டிப்பாத்தான் வளரும். அடுத்தது அறுபத்துநாலு."

திரையில் எத்தனை முகவரி என்பதை முடிவு செய்யும் 'சப்நெட் மாஸ்க்' என்ற இடத்தில், கடைசியில் இருந்த 224-ஐ 192 ஆக்கினார்.

"கூட வேணும்னு சொல்லிட்டு நம்பரைக் குறைக்கறீங்களே?"

"இருநூத்தி ஐம்பத்தாறுலேருந்து அதைக் கழிச்சுப் பாரு."

கழித்தேன். அறுபத்துநாலு! பழைய எண்ணையும் கழித்தேன். முப்பத்திரண்டு! அட, சரியாக வருகிறதே!

எல்லாக் கணினிகளையும் அணைத்து மறுபடி போட்டோம். இந்த முறை முப்பதிலும் இணையம் வந்தது.

டீச்சர் ஆமையின் அருகில் போய் நின்றார். "தெரியாம உன்னைச் சொல்லிட்டேம்பா. எல்லார் படத்தையும் நீயே அனுப்பறியா?"

ஆமை ஒவ்வொரு படமாகப் பார்த்துப் பார்த்து அனுப்பினான். மணி அடித்தும் நாங்கள் யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.