மணி அடித்தும் திறக்காத கதவு

பூட்டில் வைத்த கரண்ட் மீட்டர் பூஜ்யம் காட்டியது. கதவு மட்டும் திறக்கவில்லை.

அறைக்குள் நின்ற பூட்டுக்காரன் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். கரண்ட் இருக்கும்வரைதான் காந்தப் பூட்டு கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். தீ மணி அடித்த நொடியில் கரண்ட் அறுந்து, சுண்டுவிரலால் தொட்டாலே கதவு விலகிவிட வேண்டும். சோதனைக்காக மச்சான் கீழே அடித்துவிட்ட மணியோ கட்டடம் முழுக்க அலறிக்கொண்டிருந்தது. புது பெயின்ட் வாடைக்கு அடியில், வெள்ளையடித்தும் போகாத கருகல் வாடை, அவன் மூச்சு வாங்கும்போதெல்லாம் தொண்டைக்குள் இறங்கியது.

மூன்று மாதம் முன்பு எரிந்துபோன கோப்பு அறை இது. இங்கே புதுப் பூட்டு மாட்டும் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏனென்று கேட்பார்களே.

அதற்கு முன்பு தீயே இல்லாமல் பொய் மணி அடிக்கடி அடித்தது. அடிக்கும்போதெல்லாம் கதவு திறந்துகொள்கிறது, கோப்புகள் காணாமல் போகின்றன என்று மேனேஜர் புலம்பினார். ஒரு வாரத்துக்குத்தானே என்று, கீழ்த்தளப் பெட்டியில் மணியிலிருந்து பூட்டுக்குப் போகும் வயரை இவன் கழற்றிவிட்டான். அந்த வாரத்திலேயே தீ பிடித்தது. உள்ளே கோப்பு அடுக்கும் அக்கா இருந்தாள். மறுநாள் விடியுமுன் வந்து, யார் கண்ணிலும் படாமல் வயரைத் திரும்பச் சொருகினான். புகையில் மயங்கி, கதவை எட்டுமுன்பே விழுந்துவிட்டாள் என்று விசாரணையில் எழுதினார்கள். அவள் வீட்டுக்காரர் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கஷ்டப்படாம போயிட்டா, அது போதும் தம்பி," என்றார். இவன் தலையாட்டினான்.

கீழே பெட்டியருகே நின்ற மச்சானுக்கு போன் போட்டான்.

"மேல வா மச்சான். வெளியில இருந்து இழுத்துப் பாரு. கதவு சிக்கிக்கிச்சு."

படியேறும் சத்தம் போனில் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு சுட்டது.

"மாமா, எங்க போயிட்டீங்க?"

"உள்ளதான்டா இருக்கேன். இழு."

"எதை இழுக்கறது? கதவு விரியத் திறந்து கிடக்கு. நான் நடு ரூம்ல நிக்கிறேன். இங்க யாரும் இல்லையே."

மணி நின்றது.

புகை இல்லை. ஆனால் கண் எரிந்தது. ஜன்னலில் மதிய வெயில் இருந்தது. பிறகு இல்லை.

"மச்சான்," என்றான். "வயரைக் கழட்டினது நான்தான். அந்தக்கா மயங்கி விழல. கதவு வரைக்கும் வந்திருக்கா. தட்டியிருக்கா. மறுநாள் வயரை மாட்ட வந்தப்ப கதவுல அவ கைத்தடத்தப் பாத்தேன். நானே துடைச்சேன்."



"மாமா... உங்க பக்கத்துல யாரு இருமறது?"

அவன் திரும்பவில்லை. கழுத்தில் சூடு பட்டது.

பிறகு திரும்பினான்.

ஒரு முழத் தூரத்தில் அவள். கருகிய கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல், அவன் தோளுக்கு மேலாகக் கதவையே பார்த்தபடி, முன்னால் நிற்பவர் திறந்ததும் வெளியே போய்விடலாம் என்பதுபோல் பொறுமையாக நின்றுகொண்டிருந்தாள்.