ஓரத்து இலை

அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: வீட்டுக்கு மூத்தவள் இருளம்மாள், அவள் மகன் ஜெயபாண்டி, அவன் மனைவி மாரிக்கனி, இருளம்மாளின் அண்ணன் உக்கிரபாண்டி. அவர் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. வேறு யாரும் இல்லை.

முந்தின நாள் ராஜபாளையத்தில் நிச்சயதார்த்தப் பந்தி. பாயசம் ஊற்றிக்கொண்டே போன மாரிக்கனி, ஓரத்தில் இருந்த உக்கிரபாண்டியின் இலையை மட்டும் விட்டுவிட்டுத் திரும்பினாள். ஊரே பார்த்தது! விடிந்ததும் இருளம்மாள் மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, எங்கண்ணன் என்ன பிச்சைக்கா வந்தாக? அவியளத் தாண்டிப் போவ ஒனக்கு எம்புட்டுத் திமிரு! மன்னிப்புக் கேளு. இல்லைன்னா மகாராஜபுரத்துக்கே போ, ஒங்கப்பன் வீட்டுக்கு!"

"அத்தை... மாமா அங்கன இருந்தாகன்னே எனக்குத் தெரியல..."

"ஆறடி ஆளு தெரியலையாம்! கண்ணு மருந்த ஊத்தாமக் கீழ கொட்டிருப்பா, வேறென்ன!"

அதுதான் சுட்டது. கண் அழுத்த நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இரண்டு வருஷம் ஒரு வேளை தவறாமல் சொட்டு மருந்து ஊற்றியவள் அவள். அழுத்தம் அளந்தபோதெல்லாம் சரியாகவே இருந்தது. பார்வைதான் குறைந்துகொண்டே வந்தது. ஜெயபாண்டியோ தரையைப் பார்த்து நின்றான். இருபது வருஷம் உழைத்தவளுக்காகப் பேச அந்த வீட்டில் ஒரு வாய் இல்லை!

"ஒரு சொட்டு வீணாக்கல அத்தை! செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்... நான் போறேன்."

உக்கிரபாண்டி எழுந்தார். "நில்லு தாயி. எம்மூஞ்சிய மட்டும் பாரு." இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து விரல்களை ஆட்டினார். "வெரலு ஆடுதா?"

"கை எங்க மாமா இருக்கு?"

கைகளை மெல்ல முன்னால் கொண்டுவந்தார். மூக்குக்கு நேரே நெருங்கிய பிறகுதான், "இப்பத் தெரியுது" என்றாள். இரண்டு பக்கமும் அப்படியே.

அவர் குரல் இறங்கியது. "ஏலே ஜெயபாண்டி, இது திமிரு இல்லலே. ஓரத்துல இருக்கிறது இவ கண்ணுக்கே தெரியல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போ."

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில், இரு கண் நரம்புகளும் சேரும் இடத்தை ஒரு கட்டி அழுத்திக்கொண்டிருந்தது.

"நரம்பு குழிஞ்சிருக்கிறதப் பார்த்து அழுத்த நோய்னு நெனச்சிருக்காங்க. இந்தம்மா மருந்த ஒழுங்காத்தான் ஊத்தியிருக்காங்க. இல்லாத நோய்க்கு ஊத்தியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்தது. பார்வை பாதிக்கு மேல் திரும்பியது.

வீடு வந்த அன்று இருளம்மாள் மருமகளின் பக்கத்தில் நின்று அழுதாள். பிறகு நினைவு வந்தவளாய், நேர் எதிரே வந்து நின்றாள். "என்னையப் பாரு தாயி... தப்பு எம்மேலதான். என்னைய மன்னிச்சிரு!" மாரிக்கனி அவளைக் கட்டிக்கொண்டாள். கணவனோடு பேச மட்டும் அவளுக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அது நியாயமே.

மருமகள் மன்னிப்புக் கேட்ட பிறகே வீட்டில் சேர்த்தார்கள் என்று பக்கத்து ஊரான சுந்தரபாண்டியத்தில் பேசிக்கொள்கிறார்களாம். பொய். அவள் கேட்கவில்லை. கேட்டது மாமியார்.